விழாக்குழுக்காரர்களே, ஒரு ராத்திரியைக் குத்துச்சண்டைக்குக் கொடுங்கள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்து ஊர்களில் மாடு விடும் விழாவும் கிரிக்கெட் டோர்னமென்டும் நடத்தும் விழாக்குழுப் பெரியவர்களுக்கும் இளைஞர் மன்றத் தம்பிகளுக்கும்,

வணக்கம்.

தை பிறந்தால் உங்களுக்குத் தூக்கம் கிடையாது என்று தெரியும். கலெக்டர் ஆபீஸ் அனுமதி, கால்நடை டாக்டர், ஆம்புலன்ஸ், தெரு நெடுக இரட்டைத் தடுப்பு, ஊர் ஊராக நோட்டீஸ், முதல் பரிசு கொடுக்கிறேன் என்றவர் வீட்டுக்கு நடை. அது அடங்குவதற்குள் கோடை வந்துவிடும், டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆரம்பித்துவிடும். இத்தனைக்கும் நடுவில் இன்னொரு வேலையை உங்கள் தலையில் கட்டத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் விழாவில் ஒரே ஒரு ராத்திரியை ஒதுக்குங்கள். ஊர் மைதானத்தில் ஒரு ரிங் போட்டு, நம் பக்கத்துப் பிள்ளைகளை வைத்து முறையாகக் குத்துச்சண்டை நடத்துங்கள்.

நான் கணியம்பாடி பக்கத்துக்காரன். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்று சொல்வார்களே, அந்தக் காற்று எங்கள் ஊர்ப்பக்கமும் கொஞ்சம் அடிக்கும். நானும் மிலிட்டரியில் இருந்து பென்ஷனோடு வந்தவன்தான். அங்கே கம்பெனி என்கிற படைப்பிரிவுகளுக்குள் பாக்சிங் வைப்பார்கள். வருஷம் முழுக்க எந்த விளையாட்டையும் திரும்பிப் பார்க்காதவன்கூட அன்றைக்கு ரிங் ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துவான். ஊருக்கு வந்து இந்தப் பேச்சை எடுத்தால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "இங்க யாருண்ணா பாக்சிங் பார்ப்பாங்க? நம்ம ஜனங்களுக்கு கிரிக்கெட்டும் மாடும்தான்." அந்தப் பதிலோடுதான் எனக்கு வழக்கு.

கிரிக்கெட்டை யாராலும் அசைக்க முடியாது, அசைக்கவும் வேண்டாம். குத்துச்சண்டைக்குப் பேர்போன நாடுகளை எடுத்துப் பாருங்கள். நான் பார்த்தவரை எங்கேயும் அது முதலிடத்தில் இல்லை. மெக்சிகோவில் முதலிடம் கால்பந்துக்கு. கியூபாவில் பேஸ்பாலுக்கு. பிலிப்பைன்ஸில் கூடைப்பந்துக்கு. கானாவில் கால்பந்து, இங்கிலாந்திலும் கால்பந்து. பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024இல் உஸ்பெகிஸ்தான் வாங்கிய 8 தங்கத்தில் 5 குத்துச்சண்டையில் வந்தவை. அந்த நாட்டிலும் மைதானத்தை நிரப்புவது கால்பந்துதான். (தாய்லாந்தை நான் சேர்க்கவில்லை. காலாலும் முழங்காலாலும் அடிக்கிற முவே தாய் தனிக் கதை.)

முதலிடம் இல்லை என்பதால் மதிப்பும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1993 பிப்ரவரியில் மெக்சிகோ நகரத்து அஸ்டெகா மைதானத்தில் அந்த நாட்டுக் குத்துச்சண்டை வீரர் ஹூலியோ சீசர் சாவேஸ் சண்டை போட்டார். அது கால்பந்துக்காகவே கட்டிய மைதானம். அன்றைக்கு டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்கள் 1,30,000 பேருக்கும் மேல். சேப்பாக்கம் மைதானத்தை மூன்று தடவை நிரப்பிவிட்டு மிச்சம் வெளியே நிற்கும் கூட்டம். எதிராளி அமெரிக்காக்காரர், கிரெக் ஹாகன். சாவேஸ் இதுவரை ஜெயித்ததெல்லாம் டிஹுவானா டாக்ஸி டிரைவர்களைத்தான் என்று அவர் வாய்விட்டிருந்தார். ஐந்தாவது ரவுண்டில் சாவேஸ் அவர் ஆட்டத்தை முடித்துவிட்டார். லண்டன் வெம்பிளியும் கால்பந்து மைதானம்தான். அங்கே 2017 ஏப்ரலில் ஹெவிவெயிட் என்கிற அதிக எடைப் பிரிவில் ஜோஷுவாவும் கிளிட்ச்கோவும் மோதியதைப் பார்க்க 90,000 பேர் வந்தார்கள். கியூபாவின் ஜனத்தொகை ஒரு கோடி அளவுதான், நம் தமிழ்நாட்டில் 2011 கணக்கிலேயே ஏழு கோடிக்கும் மேல். ஆனால் குத்துச்சண்டையில் மட்டும் கியூபா வாங்கிய ஒலிம்பிக் தங்கம் 40ஐத் தாண்டும். இந்தியா அனைத்து ஒலிம்பிக்கிலும் சேர்த்துக் குத்துச்சண்டையில் வாங்கியது மூன்று வெண்கலம்: 2008இல் விஜேந்தர், 2012இல் மேரி கோம், டோக்கியோவில் லவ்லினா.

ஏன் எங்கேயும் முதலிடம் இல்லை? இதை யோசித்துப் பார்த்தால்தான் என் கோரிக்கையின் நியாயம் புரியும்.

கிரிக்கெட்டைத் தினமும் ஆடலாம். ஒரு கட்டை, ஒரு பந்து, பாலாற்று மணல் போதும். தண்ணீர் வராத மாதங்களில் ஆற்றுக்குள்ளேயே எத்தனை பிட்ச் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாததா? குத்துச்சண்டையை அப்படித் தினமும் ஆட முடியாது. மூன்று நிமிஷம் வீதம் மூன்று ரவுண்டு, மொத்தம் ஒன்பது நிமிஷச் சண்டைக்கு ஒருவன் மாதக்கணக்கில் உடம்பைத் தயார் செய்கிறான். வருஷத்துக்கு ஏதோ சில தடவைதான் நிஜமாக மோதுகிறான். இறங்கி ஆடுபவர்கள் எந்த நாட்டிலும் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் எல்லாம் பார்க்க வருபவர்கள். பார்க்க வருபவர்களுக்கு ஒரு நாள் வேண்டும், ஒரு சந்தர்ப்பம் வேண்டும். மெக்சிகோக்காரர்களின் பெரிய சண்டைகள் செப்டம்பர் 16 சுதந்திர நாளை ஒட்டிய வார இறுதியிலும் மே 5 கொண்டாட்டத்தை ஒட்டிய வார இறுதியிலும்தான் வழக்கமாக வைக்கப்படுகின்றன. அதாவது குத்துச்சண்டை என்பது திருவிழா விளையாட்டு.

நம் பக்கத்தில் அப்படி ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே! வருஷம் முழுக்கப் பருத்திக்கொட்டையும் தவிடும் போட்டு, நீச்சல் பழக்கி வளர்த்த மாடு, தெருவில் ஓடுவது சில விநாடி. அந்தச் சில விநாடியைப் பார்க்க மொட்டைமாடி, மரக்கிளை, லாரி கேபின் என்று ஒரு இடம் காலியில்லை. மாட்டுக்குப் பட்டப்பேர் உண்டு, அதன் ஊர் என்ன, போன வருஷம் எத்தனை விநாடியில் ஓடியது என்று பத்து வயசுப் பையன் சொல்வான். பார்க்கிற நம் ஜனங்களில் பெரும்பாலோர் மாடு வளர்ப்பவர்கள் இல்லை. ஆனாலும் பார்க்கத் தெரிந்தவர்கள். குத்துச்சண்டைக்கு வேண்டியதும் இதே கூட்டம்தான். மதுரையில் மாட்டை அணைப்பதைப் பார்க்கிற கூட்டத்தைவிட, விநாடிக் கணக்கில் கண் வைத்துப் பழகிய நம் கூட்டம் ரிங்குக்கு இன்னும் பொருத்தமானது என்பேன். இது கொஞ்சம் ஊர்ப்பற்று, சரி, தள்ளிவிடுங்கள்.

ஒரு விளையாட்டு ஏறுவதும் இறங்குவதும் ரத்தத்தில் இருக்கிற விஷயம் இல்லை. எங்கே வைத்துக் காட்டுகிறார்கள் என்பதில் இருக்கிறது. இதற்கு அமெரிக்காவைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நூறு வருஷத்துக்கு முன் அங்கே பேஸ்பால், குதிரைப் பந்தயம், குத்துச்சண்டை மூன்றும்தான் பெரிய விளையாட்டுகள். 1926இல் பிலடெல்பியாவில் டெம்ப்ஸியும் டனியும் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதியபோது மழையிலேயே 1,20,000 பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். பேட்டைக்குப் பேட்டை சின்னச் சின்ன கிளப்புகள் வாராவாரம் சண்டை வைத்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் டெலிவிஷன் வந்தது. ஒரு பிளேடு கம்பெனியின் விளம்பரத்தோடு வெள்ளிக்கிழமை தோறும் சண்டை வீட்டுக்கே வந்தது. வீட்டில் சும்மா பார்க்கலாம் என்றால் பேட்டைக் கிளப்புக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்? கிளப்புகள் ஒவ்வொன்றாக மூடின. புதுப் பையன்கள் வளர இடமில்லாமல் போயிற்று. பிற்பாடு பெரிய சண்டைகளைத் தனிக் காசு கட்டினால்தான் பார்க்கலாம் என்று ஆக்கினார்கள். 2015 மேயில் அமெரிக்காவின் மேவெதரும் பிலிப்பைன்ஸின் பாக்கியாவும் மோதியதைப் பார்க்க ஒரு வீட்டுக்கு நூறு டாலர் அளவுக்கு வாங்கினார்கள். 46 லட்சம் வீடுகள் அந்தக் காசைக் கட்டின. அது பெரிய சாதனைதான். ஆனால் காசு கட்டாத வீட்டுப் பையனுக்குக் குத்துச்சண்டை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போகிறது. இன்றைக்கு அமெரிக்காவில் அமெரிக்கக் கால்பந்தும் கூடைப்பந்தும் எங்கேயோ போய்விட்டன. குத்துச்சண்டை பணக்கார விளையாட்டாகி, மக்கள் விளையாட்டாக இளைத்துவிட்டது.

அதே சண்டையை அதே நாளில் பிலிப்பைன்ஸில் எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? ஊராட்சிக்காரர்கள் கூடைப்பந்து மைதானத்திலும் ஊர் மண்டபத்திலும் திரை கட்டி இலவசமாகக் காட்டினார்கள். அங்கே சின்ன ஊரில்கூடக் கூரை போட்ட கூடைப்பந்து மைதானம் ஒன்று இருக்கும். பாக்கியா சண்டை போடுகிற நேரத்தில் தெருவில் வண்டி ஓடாது, திருட்டு வழக்குகூடக் குறைந்துவிடும் என்று அந்த ஊர்ப் போலீஸே சொல்வதுண்டு. எட்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வாங்கிய மனிதர் அவர். இத்தனைக்கும் அவருக்கு உள்ளூர ஆசை கூடைப்பந்தின் மேல்தான். 2014இல் அந்த நாட்டுக் கூடைப்பந்து லீகில் ஒரு அணிக்குக் கோச்சாகவும் ஆட்டக்காரராகவும் சேர்ந்தார். உயரம் ஐந்தரை அடி! நாட்டின் முதல் விளையாட்டும் இரண்டாம் விளையாட்டும் ஒரே மைதானத்தில், ஒரே ஆளிடம் சண்டையில்லாமல் இருந்தன. உங்கள் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு ராத்திரி ரிங் கட்டினால் கிரிக்கெட்டுக்கு ஒன்றும் ஆகிவிடாது என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

இன்னொரு விஷயம். குத்துச்சண்டை ஒரு நாட்டில் பிரபலம் என்கிறோமே, கிட்டே போய்ப் பார்த்தால் அது பெரும்பாலும் ஒரு ஊரில், ஒரு பேட்டையில்தான் வேர்விட்டிருக்கிறது. கானாவின் தலைநகர் அக்ராவில் பூகோம் என்று மீனவர் குடியிருப்பு ஒன்று. அசுமா நெல்சன் உட்பட உலகச் சாம்பியன்களை அந்தச் சின்ன இடம் வரிசையாகக் கொடுத்திருக்கிறது. ஹரியானாவில் பிவானி. பெய்ஜிங் ஒலிம்பிக்குப் போன ஐந்து இந்தியக் குத்துச்சண்டை வீரர்களில் நால்வர் அங்கே பயிற்சி பெற்றவர்கள். வட சென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகளாக, அதாவது குத்துச்சண்டைக் குழுக்களாகப் பிரிந்து நின்று டிக்கெட் போட்டு மோதிய கதை காட்பாடியிலிருந்து இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் நடந்தது. 1980இல் முகமது அலியே சென்னைக்கு வந்து காட்சிப் போட்டி ஆடினார். நம் மாநிலத்து தேவராஜன் 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடி, 1994இல் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார். இதையெல்லாம் வைத்துக்கொண்டு நமக்கு இது அந்நியம் என்றால் எப்படி?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சத்துவாச்சாரிக்கு வாருங்கள். பளு தூக்குதலை டிவியில் உட்கார்ந்து பார்க்கிறவர் நம் ஊரில் யாராவது உண்டா? அந்தச் சத்துவாச்சாரியிலிருந்து சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினார், 2016இல் ரியோ ஒலிம்பிக்குக்கும் போனார். அவருடைய அப்பாவும் முன்னாள் ராணுவத்தார், பளு தூக்கியவர். தெருவில் ஜிம் இருந்தது, தூக்குகிறவர்கள் கண்ணெதிரே இருந்தார்கள், பிள்ளைகள் பார்த்தார்கள். நாடு பூராவும் ஒரு விளையாட்டை விரும்ப வேண்டும் என்று காத்திருந்தால் அந்தத் தங்கம் வந்திருக்காது.

இனி உங்கள் மனசில் ஓடுகிற இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன்.

முதலாவது, அடிதடி வந்துவிடும் என்ற பயம். ரிங்கில் இரண்டு ஊர்ப் பசங்க மோதினால் வெளியே ஊருக்கு ஊர் மோதுமே என்பீர்கள். நியாயமான பயம்தான், சாதிப் பெயரும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். கிரிக்கெட்டில் நோ பால் தகராறு வராமலா இருக்கிறது? நான் சொல்ல வருவது வேறு. ஊர் அணி என்று வைக்காதீர்கள். பயிற்சிக் கிளப் பேரைச் சொல்லுங்கள், சிவப்பு மூலை, நீல மூலை என்று மட்டும் அறிவியுங்கள். தீர்ப்பு சொல்கிறவர்கள் வெளியிலிருந்து வந்த, குத்துச்சண்டைச் சங்கத்தின் அங்கீகாரம் உள்ள நடுவர்களாக இருக்கட்டும். விழாக்குழுத் தலைவர் மைக்கைப் பிடித்துத் தீர்ப்பு சொல்கிற பழக்கம் இங்கே கூடவே கூடாது. மேடையில் பிரமுகர் பேச்சு ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் பிள்ளைகளின் உடம்பு ஆறிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி பெரியது, அதைத் தள்ளிவிட்டுப் போக மாட்டேன். தலையில் அடி. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை 1949இல் நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது. மண்டைக்குள் என்ன நடக்கும் என்று நாட்டுக்கே சொல்லிக்கொடுத்த ஊர்க்காரர்கள் நாம் இதில் அலட்சியமாக இருக்க முடியாது. உலக ஹெவிவெயிட் சாம்பியனை 1959இல் கொடுத்த சுவீடன், 1970இல் தொழில்முறைக் குத்துச்சண்டையையே தடை செய்தது, முப்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தடை இருந்தது. நார்வே 1981இல் தடை போட்டு 2014 கடைசியில்தான் எடுத்தது. அந்த இரண்டு நாடும் பைத்தியக்கார நாடுகள் இல்லை. ஆனால் தடை இருந்த காலத்திலும், பிழைப்பாக இல்லாமல் ஆடுகிற அமெச்சூர் குத்துச்சண்டையை அவை விட்டுவைத்தன என்பதையும் கவனியுங்கள். நான் உங்களிடம் கேட்பதும் அந்த அமெச்சூர் வகையைத்தான். மூன்று ரவுண்டு. நடுவருக்கு ஆள் தள்ளாடுவதாகப் பட்டால் உடனே நிறுத்திவிடுவார். பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் தலைக்கவசம் உண்டு. தலையில் அடிபட்டு ஆட்டம் நிறுத்தப்பட்டால் குறைந்தது 30 நாள் பயிற்சிச் சண்டைகூடப் போடக்கூடாது. உங்கள் ஊர்ப் பையன் ஒருவனுக்கு அப்படி ஆனால், அந்த 30 நாளும் அவனை ரிங் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. விழாவுக்கு டாக்டரும் ஆம்புலன்ஸும் இல்லாமல் மாடு விட அனுமதி கிடைக்காது என்று 2017க்குப் பிறகு நீங்கள் நன்றாகவே பழகிவிட்டீர்கள். அதே டாக்டர், அதே ஆம்புலன்ஸ் ரிங் ஓரத்திலும் நிற்கட்டும். டாக்டர் வரவில்லை என்றால் கூட்டம் எவ்வளவு கத்தினாலும் முதல் மணி அடிக்காதீர்கள்.

பயிற்சி இல்லாத பையனை, உடம்பு பெரிசாக இருக்கிறது, ஊரில் நாலு பேரை அடித்திருக்கிறான் என்று மேடை ஏற்றிவிட வேண்டாம். இதைத் தனியாக அழுத்திச் சொல்கிறேன். கூட்டம் கேட்கும், ஸ்பான்சரும் கேட்பார். எடை பார்த்து, வயசுச் சான்று பார்த்து, மருத்துவச் சான்று பார்த்து ஜோடி போடுங்கள். 13, 14 வயசுப் பிள்ளைகள் தனி, 15, 16 தனி, 17, 18 தனி என்று விதியிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். காலையிலேயே தராசு வையுங்கள். தராசில் ஏறுவதைப் பார்க்கவே கொஞ்சம் கூட்டம் வரும், பாருங்கள்.

அன்றைக்கு நடக்கும் இரண்டாவது சண்டையே பெண்பிள்ளைகள் சண்டையாக இருக்க வேண்டும். கடைசியில் ஆள் கலைந்த பிறகு பேருக்கு ஒன்று வைப்பதற்கு வைக்காமலே இருக்கலாம். நம் நாட்டில் குத்துச்சண்டையை வீட்டு வரவேற்பறை வரை கொண்டுவந்தவர்கள் ஆண்களைவிடப் பெண்கள்தான். மணிப்பூர் மேரி கோம் ஆறு தடவை உலகச் சாம்பியன். தெலங்கானா நிஜாமாபாத்தின் நிகத் ஜரீன் 2022லும் 2023லும் உலகச் சாம்பியன். மைதானத்தில் மற்ற எல்லா விளையாட்டிலும் பெண்கள் இருக்க, குத்துச்சண்டையில் மட்டும் ஏன் இல்லை என்று சின்ன வயசில் அப்பாவிடம் கேட்டதாக நிகத்தே சொல்லியிருக்கிறார். நிஜாமாபாத் ஒன்றும் பெரிய தலைநகரம் இல்லை, நம் வேலூர் மாதிரி ஊர்தான். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் தினமும் நின்றுகொண்டே வேலை செய்கிற எத்தனை பெண்களுக்கு அந்தத் தோள் பலம் இருக்கிறது என்று நினைத்துப் பார்ப்பேன். அவர்களுடைய மகள்கள் பார்க்க வரட்டும். பெண்கள் உட்காரத் தனியாக நல்ல இடம் ஒதுக்குங்கள், ரிங் நன்றாகத் தெரியும் பக்கமாக.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். முதல் வருஷம் ரிங்கை விலைக்கு வாங்க வேண்டாம். சென்னையிலோ வேறு மாவட்டத்திலோ கிளப்புகளிடம் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். விழாவுக்கு விழா எல்லா ஊரும் தனித்தனியாகச் செலவு செய்யாமல், நான்கைந்து ஊர்கள் சேர்ந்து, மாசியில் ஒரு ஊர், பங்குனியில் ஒரு ஊர், வைகாசி முதல் தேதி குடியாத்தம் சிரசு திருவிழாவை ஒட்டி ஒரு ஊர் என்று ஒரே ரிங்கைச் சுற்றவிடலாம். பேட்டைக் கிளப்பு செத்ததால் அமெரிக்காவில் இழந்ததை நாம் ஊர்த் திருவிழாவில் தொடங்கலாம் என்பதுதான் என் ஆசை. மாட்டுக்கு முதல் பரிசாகக் கொடுப்பதில் ஒரு சின்னப் பங்கு போதும். பரிசைப் பணமாகக் கொடுக்காமல் கையுறை, ஷூ, மவுத் கார்டு, ஒரு வருஷத்துப் பயிற்சிக் கட்டணம் என்று கொடுத்தால் அந்தப் பிள்ளை அடுத்த வருஷமும் வரும்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை இருக்குமா இருக்காதா என்று கொஞ்ச காலம் இழுபறியாக இருந்தது. 2025 மார்ச்சில் உண்டு என்று முடிவாகிவிட்டது. அதற்கு நம் பிள்ளை போகும் என்று நான் கதை விடவில்லை. இந்த வருஷம் எட்டு வயசில் அப்பா தோள்மேல் உட்கார்ந்து பார்க்கிற பிள்ளைக்கு அதற்கு அடுத்ததும் இருக்கிறது, அதற்கு அடுத்ததும் இருக்கிறது.

இந்தத் தை மாதக் கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசுங்கள். கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டால் வருகிறேன், எங்கள் பக்கத்து முன்னாள் ராணுவத்தார் இன்னும் சிலரும் வருவார்கள். எடை பார்ப்பது, கையில் பேண்டேஜ் சுற்றுவது, மணி அடிப்பது, தடுப்பு ஓரம் நிற்பது எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மேடைக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது ஒன்றை மறக்காமல் சொல்லிவிடுங்கள்: கயிற்றுக்கு உள்ளே மட்டும் 20 அடிக்கு 20 அடி வேண்டும், கயிற்றுக்கு வெளியேயும் நாலு பக்கமும் கால் வைக்க இடம் விட வேண்டும், பலகைமேல் திண்டும் அதன்மேல் கேன்வாஸும் இழுத்துக் கட்ட வேண்டும். நாடகத்துக்குப் போடுகிற மேடையை அப்படியே போட்டால் ஆகாது.

இப்படிக்கு,
கணியம்பாடி பக்கத்து முன்னாள் ராணுவத்தான் ஒருவன்